பயங்கரம் என்பது பாராட்டே

எங்கள் ஊரில் பார்வையாளர் கருத்துப் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் கருத்தை வாங்கி, பத்திரமாக வைத்துக் காப்பாற்றுவது அதன் வேலை. யாரிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்பது ரொம்ப காலம் எனக்குத் தெரியாமல் இருந்தது. கருத்தைச் சொன்னவனிடமிருந்துதான்.

நான் பேருந்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்து இறக்கிவிட்டவன். இப்போது பிடிப்பதற்கு யாரும் கிடைக்காததால் சினிமாவுக்குப் போகிறேன். எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சிக்குப் போய்விடுவேன். பார்த்துவிட்டு நான் சொல்வதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். முடி வெட்டுகிற கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. உண்டு என்று சொல்லக் கூடாது, இருந்தது.

அந்த மரியாதை போனது 'வேற்றுக்கோள் வேட்டை' என்ற படத்தால்.

நாலு வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் மான் வேட்டைக்குப் போகிறார்கள். வேறொரு கோளிலிருந்து ஒரு ஜந்து வந்து இறங்கி அவர்களையே வேட்டையாடுகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படமெடுத்தவர்களிடம் நாலு வேட்டைக்காரர்கள் இருந்தார்களே தவிர, துப்பாக்கி ஒன்றுதான் இருந்தது. எவன் முகத்தைக் காட்டுகிறார்களோ அவன் கையில் துப்பாக்கி இருக்கும். மற்ற மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். காடு ஒரு நர்சரித் தோட்டம். அடர்ந்த வனத்தின் நடுவே 'செடிகளைத் தொடாதீர்கள்' என்ற பலகை இரண்டு காட்சிகளில் வந்தது. விண்கலத்தின் கதவு துணி துவைக்கிற மெஷினின் கதவு. ஜந்து, மழைக்கோட்டும் அதன் முகத்தில் ஒரு ரப்பர் குழாயும். அதன் காலில் நீல வார் போட்ட செருப்பு. அது உறுமுகிற சத்தம் யாரோ காலையில் வாய் கொப்பளிக்கிற சத்தம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அவ்வப்போது வந்து, "இதுதான் அறிவியல்" என்று சொல்லிவிட்டுப் போவார். படத்தில் அறிவியல் அவ்வளவுதான்.

இதில் மூன்றாவது வேட்டைக்காரன் சாகிற காட்சியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ரப்பர் குழாய் கழுத்தைச் சுற்றியதும் அவன் "ஆ" என்றான். பிறகு பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். உதறினான். தரையில் விரித்தான். அதன் மேல் கவனமாக உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து செத்தான். பேண்ட் அழுக்காகாமல் உயிரை விட்ட மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்தேன். வாசலில் ஆணையத்தின் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"ஒரே வார்த்தை, அங்கிள். படம் எப்படி?"

மருந்து குடித்த குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் சொன்னேன். "பயங்கரம்."

கிளிக் என்று ஒரு சத்தம். என் முகத்தைப் படம் பிடித்துவிட்டாள்.

நான் சொன்னதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும். பல்வலி பயங்கரம் என்போமே, அந்தப் பயங்கரம். மேல்வீட்டுக்காரர் பாடுவது பயங்கரம் என்போமே, அது. ஆனால் மறுநாள் காலையில் ஊர் முழுக்கச் சுவரொட்டி. பாதிச் சுவருக்கு என் முகம். வெறுப்பில் கோணிக்கொண்ட அதே முகம், இப்போது பயத்தில் உறைந்துபோன முகமாகத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ரப்பர் குழாய் எட்டிப் பார்த்தது. கீழே சிவப்பில்: 'படம் பயங்கரம்! நடுநடுங்கினார் டிக்கெட் பரிசோதகர்!'

ஊரே நம்பிவிட்டது. தெருவில் பாதிப் பேர் குடும்பத்தோடு போனார்கள். போனவர்கள் நேராக என் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார்கள்.

கீழ்வீட்டுக்காரர் சொன்னார்: "நீங்க நடுங்கினீங்கன்னு போட்டிருந்ததேன்னு போனோம். என் மாமியார் விழுந்து விழுந்து சிரிச்சு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இப்ப யாரு தூக்கி உக்கார வெக்கிறது? நீங்க வர்றீங்களா?"

முடிவெட்டுகிறவர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். என் நாற்காலியில் உட்கார வைத்தார். துணி போர்த்தினார். மீசையில் இடது பக்கத்தை மட்டும் வழித்தார். பிறகு துணியை எடுத்துவிட்டார்.

"வலது பக்கம்?" என்றேன்.

"அது அப்படியே இருக்கட்டும் சார். பயங்கரமா இருக்கு."

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது.

என் மனைவிக்கு ஓர் அக்கா. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த அம்மாள், "உன் வீட்டுக்காரருக்கு ரசனைன்னு ஒண்ணு கிடையாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் எடுத்துக் கொடுத்த புடவையைப் பார்த்துச் சொல்வார், நான் பூசச் சொன்ன சுவர் வண்ணத்தைப் பார்த்துச் சொல்வார். ஒவ்வொரு முறையும் என் மனைவி எனக்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். சுவரொட்டியைப் பார்த்ததும் அவள் அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். "வா, வந்து பாரு. என் வீட்டுக்காரர் சொன்னா அதுல விஷயம் இருக்கும்."

படம் முடியும்வரை அந்த அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜந்துவின் செருப்பைக் காட்டியபோது மட்டும் தங்கையின் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாராம். ஆறுதலாக. அந்தத் தட்டலை என் மனைவி மன்னிக்கவே இல்லை.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதைக் கூடத்து மின்விசிறியிடம் சொன்னாள்.

"ஃபேனே, சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு ஒருத்தர்கிட்ட சொல்லு."

"நான் சொன்னதோட அர்த்தமே வேற" என்றேன்.

"ஃபேனே, அர்த்தம் வேறன்னா வேற வார்த்தை சொல்லியிருக்கணும்னு சொல்லு. இனிமே இந்த வீட்ல சிலருக்கு டீ கிடையாதுன்னும் சொல்லு."

ஓய்வு பெற்றவனுக்கு மாலை டீ இல்லையென்றால் மாலையே இல்லை. என் வார்த்தையைத் திரும்ப வாங்கியே தீருவது என்று பாதி மீசையோடு ஆணையத்துக்குக் கிளம்பினேன்.

பெரிய கட்டடம். வாசலில் கருத்துச் சொல்லும் மெஷின். அதில் ஆணையத்தைப் பற்றியும் ஆணையத்தாரைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னதும் மேலே இருக்கும் ராட்சத விளக்குப் பலகையில் அது ஓடும். ஆனால் திட்டினால் ஓடாது. மெஷின் இருமுவது போல ஒரு சத்தம் செய்துவிட்டு விழுங்கிவிடும். பாராட்டு மட்டும் ஓடும். அன்றைக்குப் பலகையில் 'நன்று! இப்படிக்கு, தோட்டக்காரர்' என்று ஓடியது. ஆணையத்தின் தோட்டக்காரர்தான், பக்கத்திலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். "பாராட்டா? திட்டா?"

"திட்டுதான்மா. அது பாராட்டா ஆயிருச்சு. மறுபடியும் திட்டா மாத்தணும்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "திட்டைப் பாராட்டா மாத்துறதுன்னா முதல் மாடி சார். பாராட்டைத் திட்டா மாத்துறதுக்கு இன்னும் மாடியே கட்டலை."

"அப்ப நான் எங்க போறது?"

"கருத்துப் புதுப்பிப்புக் கூடம். படத்தை மறுபடியும் பாருங்க. பார்த்தா கருத்து உங்களுக்கே சரியாயிடும்."

அந்தக் கூடத்தில் 'வேற்றுக்கோள் வேட்டை' காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவு வெளியே தாழ்ப்பாள். படம் முடிந்து, வெளியே நிற்கிற ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னால்தான் திறக்கும். நான் பார்த்தேன். கருத்து சரியாகவில்லை. முதுகுதான் பிடித்துக்கொண்டது.

அடுத்து முகச் சரிபார்ப்பு அறை. அங்கே ஓர் அதிகாரி சுவரொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கருத்து உங்களுடையதுதானா? அதே முகத்தைக் காட்டுங்க."

முகத்தைச் சுளித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது வெறுப்பு. எங்ககிட்ட பதிவாகியிருக்கிறது பயம். நீங்க வேற ஆளு."

"ஐயா, அது நான்தான். மீசை மட்டும்தான் பாதி போயிருக்கு."

"பாதி மீசைக்குப் பாதிக் கருத்துதான் திருப்பித் தர முடியும். வளர்ந்ததும் வாங்க."

மீசை வளர்ந்து மறுபடி போனேன். முகம் அப்போதும் பொருந்தவில்லை. மறுபடியும் கூடத்துக்கு அனுப்பினார். ரப்பர் குழாய், செருப்பு, கைக்குட்டை, "இதுதான் அறிவியல்." வெளியே வந்தபோது நான் ஒன்றும் செய்யாமலே முகம் தானாகப் பொருந்திவிட்டது. இன்னொரு முறையும் இதைப் பார்க்க வைத்துவிடுவார்களோ என்ற பயம். அதிகாரி மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா? இதைத்தான் நாங்க முதல்லேருந்தே சொல்றோம்."

கடைசியில் தலைவர் முன்னிலையில் விசாரணை வைத்தார்கள்.

நீண்ட மேஜை. சொற்பொருள் பிரிவு அதிகாரிகள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓரத்தில், கை வைக்கவும் இடமில்லாத ஒரு ஸ்டூலில். தலைவர் வந்தார். எல்லோரும் எழுந்தோம். அவர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உதறினார். நாற்காலியில் விரித்தார். அதன் மேல் கவனமாக உட்கார்ந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படத்தில் வராத சிலிர்ப்பு.

"ஐயா, நீங்க மூணாவது வேட்டைக்காரர்தானே?" என்றேன்.

தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீங்களே! ஒட்டுமீசை வெச்சும் கண்டுபிடிச்சிட்டீங்களே! நான் சாகும்போது எப்படி இருந்துச்சு? சும்மா சொல்லுங்க."

"ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. ஆனா நீங்களே நடிச்ச படத்தைப் பத்தி நீங்களே எப்படித் தீர்ப்பு சொல்லுவீங்க?"

"நல்ல கேள்வி. நடிச்சது கலைஞன். தீர்ப்பு சொல்றது தலைவர். ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வர்றாங்க. ஆனா வழியில ஒரு வார்த்தை பேசிக்கிறதில்லை."

அதிகாரிகள் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து நின்றார். பேசப் போகிறார் என்று தெரிந்ததும் மூன்று பேரும் முகத்தை நெகிழ்ச்சியாக வைத்துக்கொண்டார்கள்.

"ஒரு குடிமகன் என்ன வேணும்னாலும் நினைக்கலாம். அது அவனோட உரிமை. அவன் என்ன நினைச்சான்னு முடிவு பண்றது நம்ம கடமை. மக்கள் கருத்து புனிதமானது. அதனாலதான் அதை மக்கள் கையில விடறதில்லை. கைக்குழந்தை கையில கண்ணாடிப் பாத்திரத்தைக் குடுப்போமா? பெரியவர் தன்னோட கருத்தைத் திருப்பிக் கேக்குறார். நான் கேக்குறேன், அது இங்க பத்திரமாத்தானே இருக்கு? அதுக்கு ஏதாவது ஆபத்துன்னா, அது அவராலதான்!"

பிறகு சொற்பொருள் அதிகாரிகள் பேசினார்கள். முதலாமவர்: "பயங்கரம்னா பயத்தைத் தருவது. திகில் படம்னா பயத்தைத் தரணும். தந்திருக்கு. ஆகவே பாராட்டு."

"எனக்குப் பயமே வரலைங்க. கொட்டாவிதான் வந்துச்சு" என்றேன்.

இரண்டாமவர்: "கொட்டாவி உங்க வாய் விட்டது. கருத்தும் அதே வாய் சொன்னதுதான். ஒரே வாய் ரெண்டு விதமாப் பேசினா நாங்க எதை நம்புறது? நல்லதை நம்புறோம்."

மூன்றாமவர்: "என் பையன் கிரிக்கெட் பாக்கும்போது 'பயங்கரமா அடிக்கிறான்பா'ங்கிறான். அது திட்டா? என் மனைவி நேத்து என் புதுக் கண்ணாடியைப் பாத்துட்டு, பயங்கரமா இருக்குன்னா. நான் சந்தோஷமா இருக்கேன்."

எங்கே போனாலும் முட்டுச் சந்து. கோபத்தில் எனக்குக் காது சுட்டது. அப்போதுதான் பழைய தொழில் கைகொடுத்தது. டிக்கெட் எடுக்காதவனை அதட்டினால் சண்டை போடுவான். மரியாதையாகப் பேசவிட்டால் தானாகவே மாட்டிக்கொள்வான். ஏறிய இடத்தையும் சொல்வான், இறங்குகிற இடத்தையும் சொல்வான், டிக்கெட்டை மட்டும் காட்ட மாட்டான். தலைவரைப் பேசவிடுவது என்று முடிவு செய்தேன்.

கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். "ஐயா, இப்பத்தான் புத்தி வந்துச்சு. ஒரு சந்தேகம் மட்டும். பயங்கரம்னா பாராட்டுன்னு சொன்னது இந்தப் படத்துக்கு மட்டுமா?"

"சேச்சே! நாங்க என்ன ஒரு படத்துக்காகவா உக்காந்திருக்கோம்? எல்லாப் படத்துக்கும்."

"படத்துக்கு மட்டும்தானா? மனுஷங்களைப் பத்திச் சொன்னா?"

தலைவர் மார்பை நிமிர்த்தினார். "மனுஷங்களுக்கும்! எழுதிக்குங்கப்பா. இந்த ஆணையத்தோட எல்லைக்குள்ள யார் சொன்னாலும், யாரைப் பத்திச் சொன்னாலும், எந்த முகத்தோட சொன்னாலும், பயங்கரம் என்பது பாராட்டே!"

"உங்களைப் பத்திச் சொன்னாக்கூடவா?"

"என்னைப் பத்திச் சொன்னா, அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை!"

"ஒருதரம் பாராட்டிட்டா, அதை யாராலயும் எடுக்க முடியாதுல்ல?"

"என்னாலகூட முடியாது பெரியவரே!" என்று மேஜையைத் தட்டினார் தலைவர். மூன்று அதிகாரிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அங்கிருந்தவர்களில் மனசாரத் தட்டியவன் நான் ஒருவன்தான்.

நேராக முடிவெட்டும் கடைக்குப் போனேன்.

"நீங்க எல்லாரும் என்மேல கோவமா இருக்கீங்க. நியாயம்தான். ஆனா அந்தக் கோவத்தை ஏன் என் மீசை மேல வீணாக்குறீங்க? படத்துல கைக்குட்டை விரிச்சுச் செத்தானே, அவன் இருக்கிற இடம் எனக்குத் தெரியும்."

முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எங்க?"

நான் விவரம் சொன்னேன். அவர் கடையை மூடினார். கீழ்வீட்டுக்காரர் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். படம் பார்த்து வெந்துபோன தெருவே திரண்டது. ஆணையத்தின் வாசலில் மெஷினுக்கு முன்னால் வரிசை.

"யாரைப் பற்றி?" என்று கேட்டது மெஷின்.

"தலைவரைப் பத்தி."

"ஒரே வார்த்தை."

"பயங்கரம்!" என்றார் முடிவெட்டுகிறவர், இருபது வருஷமாக வாடிக்கையாளர்களின் அரசியலைக் கேட்டுக் கேட்டு அடக்கிவைத்த குரலில்.

மெஷின் இருமவில்லை. விழுங்கவில்லை. மேலே பலகை பளிச்சென்று எரிந்தது. 'தலைவர் பயங்கரம்! இப்படிக்கு, முடிதிருத்துநர்.' பக்கத்தில் தலைவரின் சிரித்த படம். அடுத்து, 'தலைவர் பயங்கரம்! இப்படிக்கு, மாமியார்.' பாராட்டு கூடக் கூடப் படமும் பெரிதாக வேண்டும் என்பது ஆணையத்தின் பழைய விதி. மதியத்துக்குள் தலைவரின் முகம் இரண்டாவது மாடியைத் தொட்டது. மறுநாள் காது ஜன்னல்களை மூடிவிட்டதால் சொற்பொருள் பிரிவில் பகலிலேயே விளக்குப் போட்டார்கள்.

தலைவருக்கு முதலில் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். "மக்கள் மனசுல நான் இருக்கேன்" என்று காவலாளியிடம் கண் கலங்கினார். வருகிற போகிறவர்கள் தன்னைப் பற்றிக் கேட்டால் பலகையில் இருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று காவலாளிக்கு உத்தரவும் போட்டார்.

ஆனால் தீர்ப்பு ஆணையத்தின் எல்லைக்குள்தான் செல்லும். பலகையோ ஊருக்கே தெரிகிறது. டீக்கடைக்காரர் உள்ளே டீ கொண்டுவர மறுத்தார். கதவருகே வைத்துவிட்டு ஓடினார். பள்ளிப் பேருந்து தெருவை மாற்றிக்கொண்டது. குழந்தைகளைச் சாப்பிட வைக்க அம்மாக்கள் தலைவரின் பெயரைச் சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் தன் மாமனாரைக் கையோடு அழைத்து வந்து, இவரைத் தலைவரால் திருத்த முடியுமா என்று கேட்டார்.

பிறகு ஒரு நல்ல நாளில் தலைவரின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், வழியில் பெண்ணின் அப்பா வேலை செய்யும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று காரை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை இறக்கிக் காவலாளியிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, இங்க தலைவரா இருக்காரே, அவர் ஆளு எப்படி?"

காவலாளி விறைப்பாக நின்று சொன்னார். "பயங்கரமான ஆளுங்க. நான் சொல்லலை, ஊரே சொல்லுது. மேல பாருங்க."

அவர்கள் மேலே பார்த்தார்கள். மூன்று மாடி உயரத்துக்குத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கார் திரும்பிக்கூடப் போகவில்லை. பின்பக்கமாகவே தெரு முனைவரை போனது.

மறுநாள் தலைவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

உள்ளே வந்தார். எங்கள் நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

"பெரியவரே, அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்குங்க. நீங்க சொல்லி ஆரம்பிச்ச வார்த்தை."

"என் வார்த்தை எங்கிட்ட ஏதுங்க? உங்ககிட்டதான் பத்திரமா இருக்கு."

"அது திட்டுதான்னு ஒரே ஒரு மனு குடுங்க போதும்."

"திட்டா? ஐயாவைப் பத்திச் சொன்னா அதைவிடப் பெரிய பாராட்டு இல்லைன்னு மேஜையைத் தட்டிச் சொன்னீங்களே! என் காதுல இன்னும் கேக்குது."

"என் பொண்ணு எங்கிட்ட பேசுறதில்லைய்யா" என்றார். "சொல்ல வேண்டியதை அலமாரிகிட்ட சொல்றா."

எனக்கு ஒரு நொடி மனசு இளகியது. மேலே மின்விசிறியைப் பார்த்தேன். இளகினது சரியாகிவிட்டது.

"எங்க வீட்ல ஃபேன். கவலைப்படாதீங்க, பழகிடும்."

"நான் தலைவர்! எனக்கே ஒரு வழி இல்லையா?"

"ஏன் இல்லாம? வரவேற்புல கேளுங்க. அந்தப் பொண்ணு நல்லா வழி சொல்லுவா."

அவர் கைக்குட்டையை நாற்காலியிலிருந்து எடுக்கக்கூட மறந்து எழுந்து போனார். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஃபேனே, ஆணையத்துக்கு எந்த பஸ் போகும்னு ஒருத்தர்கிட்ட கேளு. எனக்கும் பாக்கணும்."

நாங்கள் இருவரும் போனோம். பேருந்தில் அவள் ஜன்னலோரம், நான் ஒரு சீட்டு தள்ளி. வரவேற்பில் தலைவர் நின்றிருந்தார்.

"பாராட்டா? திட்டா?" என்று கேட்டாள் அந்தப் பெண். விதிப்படி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"ஏம்மா, நான் உன் தலைவர்!"

"தெரியும் சார். உங்களுக்கு வந்திருக்கிறது எல்லாம் பாராட்டு. எடுக்கணும்னு கேக்கறவங்க ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒருதரம் கூடத்துல உக்காந்து படம் பாக்கணும். நீங்க போட்ட விதிதான்."

சொற்பொருள் அதிகாரிகள் மூவரும் மாடிப்படியில் நின்று பார்த்தார்கள். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், நன்றாகத் தெரிவதற்கு. தங்கள் விதி இவ்வளவு உயரத்தில் இருக்கிறவர்மேல் பாய்ந்து அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. முகமெல்லாம் பக்தி.

தலைவரைக் கூடத்துக்குள் அனுப்பித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். முடிவெட்டுகிறவரும் கீழ்வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். மாமியாருக்காகச் சக்கர நாற்காலியை முன்னால் விட்டோம். தலைவர் பாக்கெட்டைத் தடவினார். கைக்குட்டை எங்கள் வீட்டில் இருந்தது. அழுக்கு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். திரையில் அவர் கைக்குட்டையை விரித்துச் செத்தார். படம் முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. மறுபடி செத்தார். ரப்பர் குழாய் வந்தது, செருப்பு வந்தது, "இதுதான் அறிவியல்" வந்தது. மறுபடி செத்தார். தன் சாவைத் தானே பார்த்துப் பார்த்து அந்த மனிதர் நாற்காலியில் நழுவி நழுவிக் கீழே போனார். சாயங்காலத்துக்குள் வேட்டைக்காரர்கள் நாலு பேரும் எத்தனை தடவை செத்தார்கள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், இவ்வளவு நல்ல படத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கடைசியில் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். "போதும்! பலகை அப்படியே இருக்கட்டும்! என்னை வெளிய விடுங்க!"

வெளியே மைக்கோடு நின்றிருந்தது அதே பெண்தான். தியேட்டர் வாசலில் எனக்கு மைக் நீட்டியவள்.

"ஒரே வார்த்தை, அங்கிள்" என்றாள் கதவிடுக்கில் மைக்கை நீட்டி. "படம் எப்படி?"

தலைவர் கண்ணாடியில் முகத்தை வைத்தார். அந்த முகத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. புருவம் கோணி, உதடு பிதுங்கி, மருந்து குடித்த குழந்தை முகம். அப்படியே என் முகம்.

"பயங்கரம்" என்றார்.

கிளிக்.

கதவு திறந்தது. அவர் எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். பேண்ட்டின் பின்பக்கமெல்லாம் தூசி. நாளைக் காலையில் சுவரொட்டி வந்துவிடும். ஆணையத்தில் எது தாமதமானாலும் பாராட்டு தாமதமாகாது.

என் மனைவி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"அக்கா? நான்தான். அந்தப் படத்துல கைக்குட்டை விரிச்சுச் செத்தான்ல, அவனே இப்ப பயங்கரம்னு சொல்லிட்டான். ஆமா, அவனேதான். என் வீட்டுக்காரர் சொன்னாரே, அதே அர்த்தத்துல. முதல் நாளே சொன்னாரு. நமக்குத்தான் புரியலை. வெச்சிடறேன்."

கைப்பேசியைப் பையில் போட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். டீ போட்டுத் தரேன்."

அந்தத் தாழ்வாரத்தின் கூரையிலும் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.